மருதமுனையில் ஒரு சிப் தொழிற்சாலை

எனக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம் என்று இதைச் சொல்லவில்லை. பலமுறை முயன்று தோற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தத் தோல்விகளில் பெரியது, வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்த அன்று நிகழ்ந்தது.

சாய்ந்தமருதில் எட்டுப் பெண்கள் பள்ளிக்கூடப் பை தைக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. பள்ளிக்கூடம் தொடங்கும் ஜனவரி போனால் வேலை படுத்துவிடும். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரும். அப்படி ஒரு நேரத்தில்தான் கொழும்புத் தரகர் ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். ஓர் ஐரோப்பியக் கம்பெனி இதுவரை எல்லாப் பைகளையும் சீனாவிலேயே செய்வித்ததாம். கொரோனாக் காலத்தில் கப்பல் வராமல் திண்டாடியதில், இனி ஒரே நாட்டை நம்பியிருப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்களாம். வேறு இடம் பார்க்க ஒருவர் வருகிறார், சாமான்களும் சீனாவாக இல்லாவிட்டால் நல்லது என்றார்.

போனை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். துணி, பை வாயை இழுத்து மூடும் சிப், நூல், கொளுக்கி, சுவர்க் கடிகாரம், எல்லாம் சீனா. (சீனாவிலிருந்து வராதது நாங்களும் ஒரு பூனையும்தான்.)

"உள்ளதச் சொல்லுங்க," என்றாள் மனைவி பரீதா. "அவ வாங்க வாறது பைய. பொய்ய இல்ல."

நான் கேட்கவில்லை. அவள் தம்பி நியாஸைச் சேர்த்துக்கொண்டு, அவர் வரும் அன்று காலையிலிருந்து மண்ணெண்ணெய் தொட்டு 'மேட் இன் சைனா' ஸ்டிக்கர்களைச் சுரண்டினேன். மெஷின் அடி, உட்காரும் கதிரைக் கால், ஒன்றையும் விடவில்லை. பெண்மணி உள்ளே வந்ததும் முதலில் செய்த காரியம் தும்மியதுதான்.

பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணி எங்கே வாங்குகிறீர்கள் என்றார். உள்ளூர் என்றேன். நூல்? உள்ளூர். சிப்? அதுவும் உள்ளூர். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டுப் பெண்களும் தைப்பதை விட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் என்று அவர் கேட்க, "மருதமுனை" என்று வந்துவிட்டது. (பக்கத்தில் உள்ள மருதமுனையில் கைத்தறி உண்டு. சிப் தொழிற்சாலை அன்றுவரை இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.)

அவர் முகம் மலர்ந்தது. வாகனத்தில் கொஞ்ச நேரம்தானே, இப்போதே போய்ப் பார்ப்போம் என்று எழுந்துவிட்டார். நான் நியாஸைப் பார்த்தேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பூட்டியிருக்கும் என்றான் அவன். அன்று செவ்வாய்.

பெண்மணி குனிந்தார். மேசைக்கடியில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு லேபல் சுருளை எடுத்தார். 'இலங்கையில் தயாரிக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தது. பெட்டியின் பக்கத்தில் சீன எழுத்து. எங்களுக்குத்தான் அது வாசிக்கத் தெரியாது. அவர் அந்த நாட்டில் பல வருடம் வேலை செய்தவர். லேபல் அச்சான ஊரின் பெயரைச் சரளமாக வாசித்தார்.

எனக்குக் காது சுட்டது. பரீதாதான் முன்னே வந்தாள். "நான் சொல்றத அப்பிடியே இங்கிலீசில சொல்லுங்க, ஒண்டும் கூட்டாதீங்க. எங்கட ஊர்ல இரிக்கிறது இந்தப் புள்ளைகள்ற கையும் தையலும்தான். மத்ததெல்லாம் வெளியால வாறது."

சொன்னேன். பெண்மணி உட்கார்ந்து ஒரு படிவத்தை விரித்தார். எது எங்கிருந்து வருகிறது, வேறு எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எங்கே சிக்கிக்கொள்வோம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தக் கேள்விகள், அதில் போய்ப் பொய் சொல்கிறீர்களே என்றார்.

பள்ளிக்கூடப் பைக்கான பெரிய ஓடர் வேறு யாருக்கோ போனது. இரண்டு மாதம் கழித்து எங்களுக்குச் சாப்பாட்டுப் பை தைக்கச் சின்ன ஓடர் ஒன்று வந்தது, சிப்பை இந்தியாவில் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த வருடம் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

போன பெருநாளுக்குப் பிறகு மகளுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசப் போனோம். உங்களுக்கு இந்த ஊரில் பழக்கம் உண்டா என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நியாஸ் முந்திக்கொண்டான்.

"மச்சானுக்கு இஞ்ச சிப் தொழிற்சாலையே இரிக்கி."

அவர் சிரிக்காமல் தலையாட்டினார். "ஓம், கேள்விப்பட்டம். அதுல வேல ஏதும் கிடைக்குமா எண்டு மகன் கேக்கச் சொன்னான்."