நூற்றெண்பது கிரெய்ன்

"தெரியாது" என்ற சொல் என் வாயில் வராது. யாராவது வழி கேட்டால், நான் ஒருநாளும் போகாத தெருவுக்குள் அவரை அனுப்பிவிட்டுத்தான் ஓய்வேன். டொக்டரிடம் போனாலும் எனக்கு என்ன வருத்தம் என்று நான்தான் அவருக்குச் சொல்லுவேன். (அந்த மனுசன் பாவம், தலையாட்டி எழுதித் தருவார்.) இந்தக் குணத்தால் நான் இழந்தவை பல. அவற்றில் பெரியது சுபா.

அப்போது நான் மோர்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தேன். சுபாவுக்கு விம்பிள்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவாள். குனியாமல், ஒரு காலால் மற்றக் காலின் சப்பாத்தைக் கழற்றுவாள். அதைப் பார்ப்பதற்காகவே நான் பூசைக்கு அரைமணி நேரம் முன்னதாகப் போய் நிற்பேன். (பிள்ளையாருக்கு உண்மை தெரியும்.) பூசை முடிந்ததும் அவளுடைய ட்ராம் வரும்வரை எட்டு நிமிடம் பேசுவோம். மற்ற ஆறு நாளும் அந்த எட்டு நிமிடத்தை நினைத்துக்கொண்டே ஷிப்ட் போகும். அப்படி ஒரு ஏக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

ஒரு வெள்ளி, "அப்பா உங்களை நாளைக்கு வீட்டை வரச் சொன்னவர்" என்றாள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"அப்பாவுக்கு வேட்டை எண்டா உயிர். அதைப் பற்றித்தான் கதைப்பார். தெரிஞ்சதைச் சொல்லுங்கோ, தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ. எனக்காக இது ஒண்டை மட்டும் செய்யுங்கோ."

"ஓம், ஓம்" என்றேன். அன்றைக்கே வேலையிடத்துக் கொம்பியூட்டரில் மான் வேட்டையைப் பற்றித் தேடி வாசித்தேன். துவக்குக் குண்டின் பாரத்தை கிரெய்ன் என்று ஒரு அளவில் சொல்வார்களாம். நூறு, நூற்றைம்பது, நூற்றெண்பது என்று இருக்கிறதாம். நூற்றைம்பது கிரெய்ன் என்றால் பத்துக் கிராம்கூட வராது. பெரிய மிருகத்துக்குப் பாரமான குண்டு என்று ஒரு வரி இருந்தது. அதற்குமேல் வாசிக்க விடாமல் ஒருவர் டீசல் அடிக்க வந்துவிட்டார்.

சுபாவின் அப்பா மகாலிங்கம் அங்கிள் பதினைந்து வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு, பிறகு லண்டனுக்கு வந்து நோர்பரியில் வீடு வாங்கியவர். வேட்டையை அங்கே பழகியிருக்கிறார். இங்கேயும் லைசென்ஸ் எடுத்து, சசெக்ஸில் ஒரு தெரிந்த வெள்ளைக்காரனின் பண்ணைக்குப் போய் மான் சுடுவார். சனிக்கிழமை அவர்களுடைய வீட்டுக்குப் போனேன், தேத்தண்ணீர் வந்தது. சுபா கதவடியில் நின்றாள். அங்கிள் கேட்டார்.

"தம்பி, மானுக்கு எத்தினை கிரெய்ன் குண்டு திறம்?"

சுபா என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நூற்றெண்பது, அங்கிள். பாரம் கூடக் கூட நல்லம்."

"அப்ப நீர் மான் அடிச்சிருக்கிறீரோ?"

"வன்னிக் காட்டில ரெண்டு மூண்டு."

(யாழ்ப்பாண டவுனில் பிறந்து வளர்ந்த நான் அதுவரை அடித்தது இரவில் கடிக்க வந்த நுளம்பு மட்டும்.)

அங்கிளின் முகத்தில் வந்த சந்தோசத்தை என்னால் மறக்க முடியவில்லை. "பிள்ளை, இவர் வேட்டைக்காரனடி!" என்று எழுந்தே விட்டார். பிள்ளை தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. எங்கள் ஆட்களிடம் தீபாவளிக்கு ஒரு ஆடு அடித்து வீட்டுக்கு வீடு பங்கு போடும் வழக்கம் உண்டு. இந்த முறை மான் பங்கு என்று அங்கிள் தீர்மானித்தார். என் கண் முன்னாலேயே ஒன்பது வீட்டுக்குப் போன் எடுத்தார். "நானும் எங்கட மாப்பிள்ளையும் நாளைக்கு வேட்டைக்குப் போறம்" என்றார். மாப்பிள்ளை! அந்த ஒரு சொல்லுக்காக நான் யானையைச் சுட்டதாகவும் சொல்லியிருப்பேன்.

அடுத்தநாள் போகிற வழியில் துவக்குக் கடையில் நிறுத்தினார். வழமையாக அவர் எடுப்பது நூற்றைம்பது. அன்றைக்கு "மாப்பிள்ளை சொன்ன பாரம்" என்று நூற்றெண்பதில் ஒரு பெட்டி வாங்கினார். பண்ணையில் தூரத்துப் புல்வெளியில் ஏழெட்டு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் சுபாவையும் சுபா வைக்கப்போகும் கறியையும் நினைத்தேன்.

அங்கிள் மானை நோக்கித் துவக்கை நீட்டவில்லை. மண்மேட்டில் குறி வரைந்த ஒரு மட்டையைக் குத்தினார். நூறு யார் தூரம் தள்ளி வந்து படுத்து மூன்று வெடி வைத்தார். மூன்றும் குறிக்கு நாலு விரல் கீழே பட்டிருந்தன.

"தம்பி, ஏன் கீழ படுது?"

"காத்து, அங்கிள்."

ஒரு இலைகூட அசையவில்லை.

"குண்டின்ர பாரத்தை மாத்தினா முதல் என்ன செய்யவேணும்?"

"மூச்சை அடக்கவேணும்."

அங்கிள் எழும்பி உட்கார்ந்தார். பிறகு துவக்கின் மேலிருந்த கண்ணாடிக்குழலின் சின்னத் திருகைத் திருகித் திருகி, மறுபடி சுட்டு, குறியைச் சரிப்படுத்தினார். பாரம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும், பழைய குறி செல்லாது என்பது வேட்டைக்காரரின் அரிவரிப் பாடமாம். சரிப்படுத்தி முடிக்கும்போது எட்டு வெடி ஆகியிருந்தது. மான்கள் பக்கத்து மாவட்டத்துக்கே போயிருக்கும். பொழுதுபடும்வரை காத்திருந்தோம். ஒரு முயல் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

இருட்டிய பிறகு வெறுங்கையோடு காரில் திரும்பினோம். ஒன்பது வீட்டிலும் சட்டி கழுவி வைத்துக் காத்திருப்பார்கள். ஏதாவது செய்து மாப்பிள்ளைப் பதவியைக் காப்பாற்றவேண்டும் என்று என் மூளை துடித்தது.

"அங்கிள், ஒரு ஆட்டை வாங்கி மான் எண்டு பங்கு போட்டா ஆருக்குத் தெரியப்போகுது?"

காரை ஓரமாக நிறுத்தினார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். நீர் மான் அடிச்சனீரோ?"

"இல்லை, அங்கிள்."

"துவக்கைத் தொட்டாவது?"

"இல்லை."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லத்தான் சொன்னார்.

"தெரியாது எண்டு சொல்லியிருந்தா நான் பழக்கியிருப்பனே. எனக்கு ஆம்பிளைப் பிள்ளையள் இல்லை. தமிழில கதைச்சுக்கொண்டு கூட வர ஒரு ஆள் வேணும் எண்டுதான் நான் ஆசைப்பட்டனான்."

என்னை நோர்பரி ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். ஒன்பது வீட்டுக்கும் போன் எடுத்து, "மான் இல்லை, பிழை என்னிலதான்" என்று சொன்னாராம். அடுத்த வெள்ளி சுபா சப்பாத்தைக் குனிந்து கழற்றினாள், என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக. "ஒண்டே ஒண்டுதானே கேட்டனான்" என்றாள். அன்றைக்கு எட்டு நிமிடமும் இருவரும் பேசவில்லை. ட்ராம் வந்தது, ஏறிப்போனாள். அடுத்த வருடம் கலியாணம் கட்டி நோர்வேக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இந்தக் கதை என் மனைவிக்குத் தெரியும். பிறந்தநாள் வீடுகளில் என்னைவிட அவள்தான் நன்றாகச் சொல்லுவாள். பிள்ளைகளும் விடுவதில்லை. காரில் நான், "வழி எனக்குத் தெரியும்" என்றால் போதும், பின் சீட்டிலிருந்து இரண்டும் சேர்ந்து, "ஹண்ட்ரட் அண்ட் எயிற்றி, அப்பா!" என்று கத்தும். நானும் சிரிப்பேன்.

ஆனால் ஒரு விசயம் அவர்களுக்குத் தெரியாது. பிறகு நான் அதை ஒழுங்காகப் படித்தேன். வேலையிடத்தில் ஆளில்லாத நேரமெல்லாம் வாசித்தேன். மானுக்கு எத்தனை கிரெய்ன் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் சரியான பதில் சொல்லுவேன். ஒவ்வொரு துவக்குக்கும் ஒத்துப்போகிற பாரம் வேறு. மட்டையில் சுட்டுப் பார்க்காமல் எவராலும் சொல்ல ஏலாது. அதாவது, அன்றைக்கு அங்கிளின் கேள்விக்குச் சரியான விடையே "தெரியாது" என்பதுதான்.

இப்போது என்னை யாரும் கேட்பதில்லை.