ஒன்பதாயிரம் டாலர் கொழுந்தன்

"டூயியா? நம்ம வீட்லயா? என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?"

லானி ஸ்டக்கி போட்ட கத்தலில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் கேக்கல" என்றாள் அவன் மனைவி வெர்னா.

"நம்ம கராஜைக் கொளுத்தினவன்டி அவன்!"

"வான்கோழி வறுத்தான். தீ தானா பிடிச்சுது. இப்ப அதுவா முக்கியம்? காலேஜ்லேர்ந்து போன். வீட்ல எத்தனை பேர்னு கேட்டாங்க. நாலுன்னு சொல்லிட்டேன்."

"மூணு பேர்தானே இருக்கோம்!"

"அதான் நாலாவது ஆளை வரவழைச்சிருக்கேன்."

வெர்னா பொய் சொல்ல மாட்டாள். இதில் எங்கள் பெக்கன் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. முதலில் சொல்லிவிடுவாள்; பிறகு அதை உண்மையாக்க நாக்குத் தள்ள உழைப்பாள். தேவாலய விருந்துக்குப் பன்றித்தொடை வெந்துகொண்டிருக்கிறது என்று போனில் சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு பன்றித்தொடை வாங்க ஓடியவள். விருந்தில் அதைச் சாப்பிட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்படிப்பட்ட பெண்மணி.

விஷயம் இதுதான். மகள் கொரினுக்குப் பூச்சிகள் என்றால் உயிர். ஹார்ட்வெல் கல்லூரியில் தேனீக்களுக்கென்றே தனிக் கட்டடம் இருக்கிறது. இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகைதான் வருஷத்துக்கு ஒன்பதாயிரம் டாலர் துண்டு விழுந்தது. லானியின் டயர் தொழிற்சாலைச் சம்பளத்தையும், வெர்னா நாய்களுக்கு முடி வெட்டிச் சம்பாதிப்பதையும் எப்படி நீட்டினாலும் எட்டவில்லை. மே முதல் தேதிக்குள் சேருகிறோமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பக்கத்து அரசுக் கல்லூரி. அங்கே பூச்சி என்றால் கழிவறையில் ஓடுவதுதான்.

கல்லூரிகளிடம் கூட்டிக் கேட்கலாம். எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் சோறு போட வேண்டிய ஆள் கூடினால் உதவித்தொகையும் கூடும். ஆனால் பேரம் என்ற சொல்லை மட்டும் வாயில் வைக்கக் கூடாது; 'மறுபரிசீலனை' என்று பவ்யமாகச் சொல்ல வேண்டும். வெர்னாவோ சனிக்கிழமை தவறாமல் ஊரார் வீட்டு வாசல்களில் விற்பனைக்கு வைத்த பழைய நாற்காலியையும் விளக்கையும் பாதி விலைக்கு அடித்து வருகிறவள். அவளுக்கா பவ்யம்?

ஆர்கன்சாவிலிருந்து லானியின் தம்பி டூயி வந்து இறங்கினான். ஆறடி உயரம், கன்னத்தில் குழி, தோளில் ஒரு பாஞ்சோ வாத்தியம், வண்டிக்குள் மூன்று வேட்டைநாய்கள். நாற்பத்தாறு வயதில் எந்த வேலையும் அவனிடம் தங்கியதில்லை.

வெர்னா அவனைச் சட்டை மாற்றவைத்து நேரே கல்லூரிக்கு இழுத்துப் போனாள்.

உதவித்தொகை அலுவலகத்துத் தலைவி மிஸ் வினிஃப்ரெட் ப்ரூயிட். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் மாவட்டத்திலேயே கிடையாது. அன்று அறை வாசலுக்கே வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

"இதோ பாருங்க மேடம், நாலாவது ஆள்" என்று டூயியைக் காட்டினாள் வெர்னா. "முழுக்க முழுக்க நாங்கதான் சோறு போடறோம்."

"அண்ணி கைப்பக்குவம் மேடம்! பேன்ட் பத்தல" என்றான் டூயி.

மிஸ் ப்ரூயிட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இவருக்கு வருமானம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் வெர்னா.

"சந்தையில பாஞ்சோ வாசிப்பேன். தொப்பில காசு விழும்" என்றான் டூயி.

வெர்னா அவன் காலை மிதித்தாள். காலம் கடந்துவிட்டது.

"ஓகோ. இதை விவரமா பாக்கணும்" என்றார் மிஸ் ப்ரூயிட். "அடுத்த வியாழக்கிழமை வாங்க. இவரையும் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் வெர்னா பாஞ்சோவைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வாத்தியம் இல்லை, வருமானமும் இல்லை. கை சும்மா இருக்க முடியாத டூயி துணி துவைக்கும் இயந்திரத்தைப் பிரித்து 'சரி' செய்தான். சமையலறையில் கணுக்கால் வரை தண்ணீர். தரைப் பலகைகள் புடைத்துக்கொண்டன. இவன் வீட்டில் இருந்தால் வீடு மிஞ்சாது என்று, வெர்னா அவனை நாய் குளிப்பாட்டத் தன் கடைக்குக் கூட்டிப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை மிஸ் ப்ரூயிட்டின் உதவியாளர் டெலோரஸ், டூயிக்கு மட்டும் காப்பியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

"பகல்ல என்ன பண்றீங்க, மிஸ்டர் ஸ்டக்கி?" என்று கேட்டார் மிஸ் ப்ரூயிட்.

"தண்டச்சோறு மேடம்" என்றாள் வெர்னா.

டூயிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன அண்ணி இப்படிச் சொல்லிட்டீங்க? தினம் பத்து நாயைக் குளிப்பாட்டறேனே!"

"அப்ப அது வேலை. அதையும் கணக்குல எடுக்கணும்." மிஸ் ப்ரூயிட் பெருமூச்சு விட்டார். "அடுத்த வியாழன் வாங்க. மறக்காம இவரையும்."

காரில் வெர்னா பொருமித் தள்ளினாள். "பாத்தியாடா? கேக் குடுத்து உன் வாயைக் கிளர்றா. போலீஸ்காரன் செய்யற வேலை. தலைமுடியைச் சுருட்டிவிட்டு உதட்டுச்சாயம் வேற. எதுக்கு? என்னை மிரட்டத்தான்!"

"நல்ல கேக்கு அண்ணி" என்றான் டூயி.

மூன்றாவது வியாழக்கிழமை கொரினும் கூட வந்தாள். மே பிறக்க இன்னும் இரண்டே நாள். வெர்னா தன் கடைசி வித்தையை எடுத்தாள். வாசல் விற்பனைகளில் தோற்றதே இல்லாத வித்தை. "சரி, விடுங்க. வேற இடம் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு மெல்ல நடப்பது. நாலு எட்டு வைப்பதற்குள் கூப்பிடுவார்கள்.

நடந்தாள். படி இறங்கினாள். கூப்பிடவில்லை. காரைக் கிளப்பி, வாகன நிறுத்தத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள். யாரும் ஓடி வரவில்லை.

"போதும்மா" என்றது பின்சீட்டிலிருந்து கொரினின் குரல். "நான் அரசுக் கல்லூரிக்கே போறேன். நெஜமாத்தான். எனக்கு ஒண்ணும் இல்ல."

கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்தாள் வெர்னா. காரை நிறுத்திவிட்டுத் தனியாகத் திரும்பப் போனாள்.

"மேடம், நாலு பேர் இல்ல. நாங்க மூணு பேர்தான். நீங்க கேட்டப்ப வாய்ல வந்துடுச்சு, அப்புறம் அவனை வரவழைச்சேன். இன்னிக்கு ராத்திரியே அவனை ஆர்கன்சாவுக்கு அனுப்பிடறேன். பேரமெல்லாம் பேசல. எம்பொண்ணு பூச்சியைப் பாத்தாத்தான் சிரிப்பா. அந்தச் சிரிப்பு எனக்கு வேணும். அவ்வளவுதான்."

மிஸ் ப்ரூயிட் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஆர்கன்சாவுக்கா? இன்னிக்கா? அவசரப்படாதீங்க! ஒன்பதாயிரமும் குடுத்தாச்சு. வருஷா வருஷம். உக்காருங்க!"

வெர்னா உட்காரவில்லை, மிஸ் ப்ரூயிட்டைக் கட்டிப்பிடித்து அழுதாள். மகளுக்காகத் தன் வித்தையையெல்லாம் கீழே போட்டுவிட்டுப் போய் நின்றாளே, அதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அது கிடையாது.

காருக்குத் திரும்பும்போதே அந்த அழுகை வேறு கதையாகிவிட்டது என்பது தனி விஷயம். "கடைசியில எழுந்து போயிடணும். அதுதான் சூட்சுமம்" என்று அன்று மாலையே தெருமுழுக்கப் பாடம் எடுத்தாள். இந்த வருஷம் ஹாஃப்ஸ்டெட்டர் தம்பதியர் பாடத்தை அப்படியே பின்பற்றி, தங்கள் வீட்டு எல்மர் சித்தப்பாவையும் ஹார்ட்வெல்லுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு சென்ட் ஏறவில்லை. எல்மருக்குக் காப்பிகூடக் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் கொரின் தேனீக்களிடம் போய்ச் சேர்ந்தாள். டூயி ஆர்கன்சாவுக்குத் திரும்பவே இல்லை. அக்டோபரில் மிஸ் ப்ரூயிட்டைக் கல்யாணம் செய்துகொண்டு, நாய்களும் பாஞ்சோவுமாகக் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டுக்குக் குடிபோனான்.

கல்யாண விருந்தில் வெர்னா ஒரு கூட்டத்தையே நிற்கவைத்து, மூன்று வியாழக்கிழமைகளில் தான் எப்படிக் கல்லைக் கரைத்தாள் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டெலோரஸ் விரலில் ஒட்டியிருந்த கேக் கிரீமை நக்கியபடியே சொன்னாள்:

"உங்க விண்ணப்பத்துல மூணு பேர்னு இருந்ததை வெச்சே முழுப் பணமும் மொத நாளே ஒதுக்கியாச்சுக்கா. அதைச் சொல்லத்தான் மேடம் வாசலுக்கு வந்தாங்க. டூயியைப் பாத்தாங்க, 'இதை விவரமா பாக்கணும்'னுட்டாங்க."