ஏணி அண்ணனுக்கு ஒரு ஆணி

ஏணி அண்ணன் விமான டிக்கெட் எடுத்துவிட்டார் என்ற செய்தி கைப்பேசியில் வந்தபோது செயலாளர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும், துப்ப வேண்டியதை விழுங்கிவிட்டார்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை விழாவுக்கு ஏணி அண்ணன் வர்றாராம்."

"நீங்கதானே கூப்பிட்டீங்க?"

அதுதான் சிக்கலே. கூப்பிட்டவர் இவர்தான். கூப்பிட வேண்டாம் என்று நேற்று உத்தரவு போட்டவர் இவருடைய மாமனார்.

செயலாளருக்குப் பிழைப்பு மூக்குக் கண்ணாடிக் கடை. மாலையானால் கூடைப்பந்துக் கழகம். அதன் தலைவராக வாய்த்தவர், பெண்ணையும் கொடுத்து செயலாளர் பதவியையும் கொடுத்த மாமனார்; ஒரு காலத்தில் அணியின் கேப்டன். கழகத்தின் ஆட்டக் கூடத்தில் ஒரு சுவர் உண்டு. புகழ்ச் சுவர் என்று பெயர். கழகத்துக்காக ஆடிப் பேர் வாங்கியவர்களின் படங்களை அதில் மாட்டுவார்கள். எப்படி வேண்டுமானாலும் மாட்டிவிட முடியாது. அந்த ஆள் எவ்வளவு உயரமோ, படச் சட்டத்தின் மேல் விளிம்பு தரையிலிருந்து சரியாக அவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் போய் நின்று, இன்னும் எவ்வளவு வளர வேண்டும் என்று தலையில் கைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். யார் ஆரம்பித்த வழக்கமோ, அழகான வழக்கம்.

ஏணி அண்ணன் கடல் கடந்து வந்தவர். இந்தக் கழகத்துக்காகப் பதினொரு வருஷம் ஆடினார். கண்ணாடி அலமாரியில் இருக்கும் பெரிய கோப்பை அவர் வாங்கித் தந்தது. கூடத்தில் பல்பு போனால் நாற்காலி போடாமல் மாற்றுவார் என்பதால் அந்தப் பெயர். இங்கேயே பேசக் கற்றுக்கொண்டார். மரியாதையை மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கற்றுக்கொண்டுவிட்டார். வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் நகருங்க" என்பார். செயலாளர் வாழ்க்கையில் முதல்முதலாக வளையத்துக்குள் பந்து போட்டது, சின்னப் பையனாக அவர் தோளில் உட்கார்ந்துகொண்டுதான்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சுவரில் இடமில்லையே என்று செயலாளருக்கு வெகுநாள் மனத்தாங்கல். மாமனார் முழங்கால் வைத்தியத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்துக் குழுவைக் கூட்டினார். எல்லாரும் கை தூக்கினார்கள். படம் மாட்டும் விழாவுக்கு வரச் சொல்லி அன்றைக்கே அழைப்பும் போய்விட்டது. கைத்தடியோடு திரும்பி வந்த மாமனார், விஷயத்தைக் கேட்டதும் கைத்தடி இல்லாமலே எழுந்து நின்றார்.

"அவன் சம்பளத்துக்கு வந்தவன், மாப்பிள்ளை. ஆடினான், வாங்கினான், போனான். சுவர் நம்ம ஆளுங்களுக்கு."

"நம்ம ஆளுங்களும் சம்பளம் வாங்கித்தானே மாமா ஆடினாங்க?"

"அவங்க ஊர்ச் சுவத்துல நம்ம ஆள் ஒருத்தனை மாட்டுவாங்களா? சொல்லுங்க."

"நம்ம ஆள் யாரும் அங்க போய்ப் பதினொரு வருஷம் ஆடலையே மாமா. பந்து வளையத்துக்குள்ள போகும்போது பாஸ்போர்ட் காட்டிட்டா போகுது?"

இதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். தான் உயிரோடு இருக்கும்வரை வெளிநாட்டுக்காரன் படம் அந்தச் சுவரில் ஏறாது என்று மாமனார் முடித்துவிட்டார். செயலாளர் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

இப்போது டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? தோளில் தூக்கி வைத்த மனிதர். யோசித்து யோசித்து ஒரு பொய்யைக் கண்டுபிடித்தார் செயலாளர். கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், விழாவைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று போன் போட்டுச் சொன்னார்.

மறுமுனையில் ஏணி அண்ணன் குரல் குதூகலமாக வந்தது. "அப்படீங்களா? அப்போ நான் புதன்கிழமையே வர்றேங்க. நானும் சேர்ந்து அடிச்சா வேலை சீக்கிரம் முடியும், விழாவைத் தள்ளவே வேண்டாங்க. எனக்குத்தான் ஏணி வேண்டாமே."

புதன்கிழமை வந்தும் விட்டார். தலை நரைத்திருந்தது. உயரத்தில் குறைவில்லை. செயலாளர் வீட்டு வாசற்படியில் குனிந்து நுழைந்தார், விசிறிக்குக் குனிந்தார், கட்டிலில் குறுக்கே படுத்தார். பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது பெயின்ட் அடிக்கும்போது போட்டுக்கொள்ளப் பழைய சட்டை ஒன்று.

அடிக்கப் போகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. அடிக்காமல் எப்படி? செயலாளர் சொந்தச் செலவில் இரண்டு வாளி பெயின்ட் வாங்கினார். கூடத்தின் சாவி வைத்திருப்பவர் சாவியம்மா. திறப்பதும் பெருக்குவதும் சுவரில் ஆணி அடிப்பதும் அந்த அம்மாள்தான். அவர் பழைய துணிகளைத் தரையில் விரித்துக் கொடுத்தார். மூன்று சுவர்கள் மளமளவென்று முடிந்தன. நான்காவது, புகழ்ச் சுவர். ஏணி அண்ணன் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்துக் கீழே வைத்துக்கொண்டே வந்தார். மாமனார் படத்தில் கைவைக்கும் நேரத்தில் மாமனாரே வந்துவிட்டார்.

"தொடாதே!"

அவ்வளவு பெரிய சத்தத்தை அந்தக் கூடம் இறுதி ஆட்டங்களில்கூடக் கேட்டதில்லை. ஏணி அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் கை தூக்கினால் அது எங்கேயோ போய் நிற்கும்.

"கேப்டன், சௌக்கியமா இருக்கீங்களா?" என்றார் மெதுவாக.

மாமனார் அவர் பக்கம் திரும்பாமலே, தன் படத்தை யாரும் கழற்றக் கூடாது, ஆணியை அசைக்கக் கூடாது, சுற்றி அடித்தால் போதும் என்று செயலாளரிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கைத்தடியைத் தட்டிக்கொண்டு போனார். பழைய கூட்டாளியிடம் ஒரு வார்த்தை பேசாமல் போகும் அளவுக்கு என்ன வெறுப்பு என்று எண்ணிக்கொண்டே செயலாளர் தூரிகையைப் பெயின்டில் தோய்த்தார்.

அன்று மாலை இன்னொரு வழி தோன்றியது. எதிர்ச் சுவரில், குளியலறைக்குப் போகும் வழியில், ‘வெளிநாட்டு நண்பர்கள்' என்று தனியாக ஓர் இடம் ஒதுக்கினால்? மாமனார் எகிறிக் குதிப்பார் என்று பயந்துகொண்டேதான் சொன்னார். மாமனார் முகம் மலர்ந்துவிட்டது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, மாப்பிள்ளை? அங்க எவ்வளவு உயரத்துல வேணும்னாலும் மாட்டிக்கட்டும்."

ஒரு கல் இறங்கியது. இரண்டு கல் ஏறியது. விஷயம் கழகம் முழுவதும் பரவி, பெரிய கோப்பையை வாங்கித் தந்தவருக்குக் குளியலறை வாசலா என்று இப்போது ஆடுகிற அணி பொங்கி எழுந்தது. இப்படி என்றால் விழா அன்று காட்சி ஆட்டம் ஆட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் தாங்கிக்கொண்டிருப்பார் செயலாளர். ஏணி அண்ணன் சொன்னதுதான் தாங்கவில்லை.

"நல்ல இடந்தாங்க அது. எல்லாரும் தினமும் ஒரு தடவையாவது வருவாங்க, என்னைப் பார்ப்பாங்க" என்று சிரித்தார். அன்றிரவு பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவிவிட்டார். ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் சமையலறைக்குப் போய் மனைவி முன்னால் உட்கார்ந்தார்.

"ஒரு நல்ல மனுஷரைக் கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்திட்டேன். உங்கப்பாவுக்கு வெளிநாட்டுக்காரங்கன்னா ஏன் இப்படி ஆகவே மாட்டேங்குது?"

மனைவி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் பார்த்தாள்.

"எங்கப்பா போடற சட்டை வெளிநாடு, வாட்ச் வெளிநாடு. அவருக்கு வெளிநாட்டுக்காரங்க மேல ஒரு கோவமும் இல்ல. அவருக்கு அந்த ஆணி மேல பயம்."

"எந்த ஆணி?"

"சுவத்துல அப்பா படத்துக்குப் பக்கத்துல நின்னா மேல் விளிம்பு உங்களுக்கு எங்க வருது?"

"என் தலை மட்டத்துக்கு. ஒரே உயரம்."

"நேர்ல நின்னா அப்பா உங்களுக்கு எங்க வருவார்?"

செயலாளர் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் விடை வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமனார் முன்னால் அவர் குனிந்துதான் நின்றிருக்கிறார். நிமிர்ந்து நின்று பார்த்தால்தானே தெரியும்? ஊருக்கே கண்ணாடி விற்கிற மனிதர், வீட்டுக்குள் இருந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

"உங்க நெத்தி வரைக்கும்தான் வருவார்" என்றாள் மனைவி. "நாலு விரல் ஏத்தி மாட்டியிருக்கு. எனக்குச் சின்ன வயசுலேயே தெரியும். இத்தனை வருஷமா யாரும் கண்டுக்கல. ஆனா அந்தக் கோப்பையோட எடுத்த குழுப் படம் எல்லார் வீட்லயும் இருக்கு. அதுல அப்பா தலை ஏணி மாமாவோட அக்குள் வரைக்கும்தான். அவர் படத்தைச் சரியான உயரத்துல அப்பா பக்கத்துல மாட்டினா, அப்பா சுவத்துல மட்டும் திடீர்னு தோளுக்கு வந்துடுவார். ஊர் சிரிக்காதா?"

செயலாளருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு. பிறகு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, மாமனார் மேல் ஒரு பாசம் வந்தது. நாலு விரலைக் காப்பாற்ற அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கூடத்துக்குப் போய்ச் சாவியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். ஏணி அண்ணன் படத்தைத் தலைவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும், அவருடைய அளவுக்கு மேல் நாலு விரல் ஏற்றி மாட்ட வேண்டும், இது வெளியே தெரியவே கூடாது என்றார். ஏன் எதற்கு என்று கேட்பார் என்று ஒரு காரணமும் தயார் செய்து வைத்திருந்தார். சாவியம்மா கேட்கவில்லை. சரி தம்பி என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேராக மாமனார் வீடு. பெரியவரின் மானம் போகாமல் பேச வேண்டும். செயலாளர் வார்த்தைகளை எண்ணி எண்ணி எடுத்து வைத்தார்.

"உங்க படத்தைத் தொடல மாமா. ஆணியும் அப்படியேதான் இருக்கு. சாவியம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொன்னேன். ஏணி அண்ணன் படத்தை உங்க பக்கத்துல மாட்டினா, நாலு விரல் மேல ஏத்தித்தான் மாட்டணும்னு. பழைய குழுப் படத்துல இருக்கிற மாதிரியே அமைஞ்சிடும்."

மாமனார் செய்தித்தாளை இறக்கி மருமகனைப் பார்த்தார். செயலாளர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினொரு வருஷம் நமக்காக ஆடினவன், மாப்பிள்ளை" என்றார் மாமனார் கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அவனைப் போய்க் குளியலறைப் பக்கம் மாட்டினா நல்லாவா இருக்கும்? யார் கொடுத்த யோசனை அது?"

"நான்தான் மாமா. புத்தி இல்லாம."

"இனிமே எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுச் செய்யுங்க."

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. காட்சி ஆட்டம் நடந்தது. மாமனார் மேடையேறி, விளையாட்டுக்கு நாடும் இல்லை எல்லையும் இல்லை என்று முழங்கினார். பாஸ்போர்ட் காட்டிவிட்டா பந்து வளையத்துக்குள் போகிறது என்று அவர் கேட்டபோது கைதட்டல் அடங்கவே இல்லை. செயலாளரும் தட்டினார்.

திரை விலகியது. ஏணி அண்ணனும் கேப்டனும் பக்கத்துப் பக்கத்து ஆணிகளில் சிரித்தார்கள். அவரவர் படத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் புகைப்படம் எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, செயலாளருக்கு உயிர் ஒரு நொடி நின்றுவிட்டது. நின்றார்கள். சட்டங்களின் மேல் விளிம்பு இரண்டு தலையையும்விட ஒரே அளவு உயரத்தில் இருந்தது. வயதானால் எல்லாரும் கொஞ்சம் குறையத்தான் செய்வோம் என்று ஏணி அண்ணன் சிரித்தபடி சொல்ல, ஆமாம் ஆமாம் என்று மாமனார் எல்லாருக்கும் முந்திக்கொண்டு ஆமோதித்தார். அப்புறம் இருவரும் தோளில் கைபோட முயன்றார்கள். ஒருவருக்குத்தான் எட்டியது. அவர் குனிந்துகொள்ள, மற்றவருக்கும் எட்டியது. மாமனாரின் கண் கலங்கியிருந்ததைச் செயலாளர் பார்த்தார்.

கூட்டம் கலைந்தது. செயலாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். வாரம் முழுக்கப் பிடித்துவைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது. பெருக்கிக்கொண்டே வந்த சாவியம்மாவை நிறுத்தி, ரகசியக் குரலில் நன்றி சொன்னார்.

"நீங்க மட்டும் நான் சொன்ன மாதிரி நாலு விரல் ஏத்தலைன்னா இன்னிக்கு என் கதி என்ன ஆகியிருக்கும்?"

சாவியம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நீங்க சொல்லி எங்க தம்பி ஏத்தினேன்? ஏணி அண்ணன் வந்து இறங்கின அன்னிக்கே தனியா வந்து, ‘சாவியம்மா, நாலு விரல் ஏத்தி மாட்டுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். இந்தச் சுவத்துல இருக்கிற ஒருத்தர் பாக்கியில்லாம வந்து கேட்டதுதான் அது. அவர் மட்டும் கேட்காம இருந்திருந்தா, அப்போ வெளியாள்னு சொல்லலாம்."