கைகூப்பியதில் பறந்த பட்டு வேட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத வந்தால் யார் படிப்பார்கள் என்பது ஒரு தயக்கம். கோவில் வாசலில் வைத்து நான் செய்த காரியத்தை எழுதினால் தெய்வ குற்றம் ஆகிவிடுமோ என்பது அதைவிடப் பெரிய தயக்கம். என் தங்கை உலகம்மாள்தான், "எழுதுண்ணே. நீ எழுதலன்னா செங்கோட்டைக்காரங்க சொல்லுததுதான் கடைசி வரைக்கும் நிக்கும்" என்றாள். சாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூதான் வந்தது. ஆகவே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. அப்பா தவறிய பிறகு தென்காசியில் எங்கள் வீட்டுக்கு நான்தான் பெரியவன். (வயதில். அறிவு எவ்வளவு என்பது போகப் போகத் தெரியும்.) உலகுவுக்கு அதற்கு முன் கூடி வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப் போயிருந்தன. அம்மா கும்பிடாத சாமி பாக்கி இல்லை. அப்போதுதான் செங்கோட்டையிலிருந்து இந்த இடம் வந்தது. மாப்பிள்ளை ராமலிங்கம் தங்கமான பிள்ளை. அவருடைய அப்பா ஜவுளிக் கடை வைத்திருந்தார். யார் துணியைக் கண்டாலும் விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்து பார்ப்பது அவர் பழக்கம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுத் தலையணை உறையையே முகர்ந்து பார்த்தார்.

நிச்சயத் தட்டில் மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி வைக்க வேண்டும். அதைச் சித்திரையிலேயே நல்ல கடையில், நல்ல விலைக்கு வாங்கிவிட்டேன். "பூசைப் பெட்டிக்குள்ள வையில சம்முகம்" என்று அம்மா சொன்னாள்.

"பெட்டியில ஈரம் ஏறும்மா. சாரல் காலம் வருதுல்ல? அடுக்களைப் பரண்ல வச்சா பூச்சி கிட்ட அண்டாது."

எங்கள் பரண் அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. கத்தரி விதை, வெண்டை விதை எல்லாம் அங்கேதான் இருக்கும். புகை படுவதால் ஒரு பூச்சி பார்த்ததில்லை. வேட்டியையும் ஒருவகை விதை என்று நினைத்துவிட்டேன்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில் பொட்டலத்தை இறக்கிப் பிரித்தேன். சொன்னபடியே ஒரு பூச்சி இல்லை. ஆனால் வேட்டியை விரித்ததும் நாலு மாதத்துச் சமையலும் ஒருசேர எழுந்து நின்றது. விறகுப் புகை, வற்றல் வறுத்த நெடி, ஒருநாள் அடிப்பிடித்த பாயசம்கூடத் தனியாகத் தெரிந்தது.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம் எங்கேயோ ஒரு ஜவுளிக் கடை தீப்பிடித்து, வெந்தது போக மிஞ்சிய துணிகளை வண்டியில் போட்டு ஊர் ஊராக மலிவாக விற்றுக்கொண்டு போனார்கள். தீக்கடைத் துணி என்று அதற்குப் பெயர். எங்கள் மேலத் தெருவில் ஒரு பெண் வீட்டார் அதை வாங்கித் தட்டில் வைத்து, மாப்பிள்ளை வீட்டார் கண்டுபிடித்து, சம்பந்தமே முறிந்திருந்தது.

"அவரு மோந்து பார்ப்பாருலே," என்றாள் அம்மா. "தீக்கடைத் துணின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா, இவளை இனி எவன் கேட்டு வருவான்?"

உலகு அடுக்களைக்குள் போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். (இதற்கு மேலும் புகை ஏற வேண்டாம் என்று. அன்றைக்கு மத்தியானம் பழையதுதான் சாப்பிட்டோம்.)

பட்டைத் துவைக்க முடியாது. சாரலில் காயவும் காயாது, மெருகும் போய்விடும். வெயிலில் போடலாம் என்றால், ஆவணி பிறந்தும் சூரியன் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குற்றாலத்துக் காற்றில் உலர்த்தலாமே என்று கேட்பீர்கள். அங்கே உள்ள குரங்குகள் தேங்காய்மூடியையே விடாது. பட்டு வேட்டி கிடைத்தால் கட்டிக்கொண்டு ஐந்தருவிக்கே போய்விடும்.

எதிர்வீட்டு கோமதி அத்தை வந்து, "இதுக்குப் போயா இடிஞ்சு உக்காந்திருக்கிய? தணல் சட்டி மேல கூடையைக் கவுத்து, வேட்டியைப் போட்டுச் சாம்பிராணி காட்டு. எல்லா வாடையும் ஓடிரும்" என்றாள்.

புகையை எடுக்கப் புகை போடலாமா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தாராளமாகவே போட்டேன். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "முதல்ல அடுக்களை வாடை அடிச்சுது. இப்ப அடுக்களையில வச்சுச் சாமி கும்பிட்ட வாடை அடிக்குது."

மறுநாள் விடிந்தது. செங்கோட்டைக்காரர்கள் பத்து மணிக்கு வருவார்கள். விசுவநாதரே கதி என்று வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோவிலுக்கு ஓடினேன்.

எங்கள் கோவில் வாசல் காற்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது கோபுரம் பிளந்துபோய் மொட்டையாக நின்றது. ஆனால் காற்று குறையவில்லை. வாசலுக்குள் நுழைந்தால் உள்ளேயிருந்து எதிர்த்துக்கொண்டு வரும். சாரல் காலத்தில் ஆளையே நிறுத்திவிடும். அன்றைக்கு என் இடுப்பு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நுழைந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. (வந்தது என்றுதான் நினைத்தேன்.) சாமி தருகிற காற்று இருக்க, சாம்பிராணி எதற்கு?

இடுப்பு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டேன். பட்டு வேட்டியை விரித்து இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்தபடி வாசல் நடுவில் நின்றேன். அது என் முன்னால் வாசலுக்கு வெளியே பார்த்துப் படபடவென்று அடித்தது.

பூக்காரி கேட்டாள்: "என்ன அண்ணாச்சி, கோவிலுக்குத் திரை கட்டுதியளா?"

"வேண்டுதல்" என்றேன். பொய்யில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகர்ந்து பார்த்தேன். பாயசம் போயிருந்தது. வற்றலும் போயிருந்தது. இன்னும் சற்று நேரம் பிடித்தேன். விறகுப் புகையே லேசாகிவிட்டது. மெய்யாகவே போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அம்மா முகம் நினைவுக்கு வந்தது. சந்நிதி பக்கம் திரும்பி, "எப்பா விசுவநாதா, காப்பாத்திட்டியே" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன்.

இரண்டு கையையும்.

திரும்பிப் பார்த்தபோது வேட்டி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போய், கோவிலுக்குள் நுழைய வந்த ஒரு கூட்டத்தில் முன்னால் நின்ற கனத்த மனிதர் தலையில் இறங்கி, முகத்தோடு சுற்றிக்கொண்டது. அருவியில் குளித்து ஈரத் தலையோடு வந்திருந்ததால் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவர் வேட்டியை விலக்கினார். சம்பந்தி.

நேராக வீட்டுக்கு வருவார்கள் என்று நான் நினைத்திருக்க, அவர்கள் குற்றாலத்தில் இறங்கிக் குளித்துவிட்டு, சாமி கும்பிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். சம்பந்தி வேட்டியை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஓமப் புகை," என்றார் அவர். குரல் தழுதழுத்தது. "உள்ள இருந்து வந்து தலையில விழுந்துச்சு, பாத்தியளா?"

"பரிவட்டம் கட்டுன மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி," என்றார் கூட வந்தவர். சம்பந்தி வேட்டியை மடித்துப் பரிவட்டமாகவே கட்டிக்கொண்டு, கன்னத்தில் போட்டபடி உள்ளே போனார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலிலேயே நின்றாள்.

"வேட்டி எங்கல?"

"சம்பந்தி தலையில."

அம்மாவுக்கு மறு கேள்வி கேட்க நேரமில்லை. பரிவட்டத்தோடு சம்பந்தி தெருமுனையில் வந்துகொண்டிருந்தார்.

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள் எல்லாம் இருந்தன. வேட்டி இருக்க வேண்டிய இடத்தில் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழம் கூடுதலாக வைத்திருந்தாள். தட்டு மாற்றும் நேரம் வந்தது. சம்பந்தி குனிந்து பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு வேட்டியைக் காணமே?"

கதவுக்குப் பின்னால் உலகுவின் வளையல் சத்தம் நின்றது. நான் எழுந்தேன்.

"மாமா, வேட்டி உங்க தலையிலதான் இருக்கு."

பரணில் வைத்ததிலிருந்து கைகூப்பியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தி பரிவட்டத்தைக் கழற்றி மீண்டும் முகர்ந்தார்.

"தீக்கடைத் துணியா இருக்கப் போவுது, அண்ணாச்சி," என்றார் கூட வந்தவர், மெதுவாக. எல்லோருக்கும் கேட்டது.

சம்பந்தி, "ஏலே ராமலிங்கம், இங்கன வா" என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். வந்ததும் மகனின் சட்டைத் தோளை முகர்ந்தார். பிறகு கூட வந்தவரைப் பார்த்து, "நீரு மோந்து பாரும். புதுச் சட்டை. நனைஞ்சுபோச்சுன்னு நேத்து எங்க வீட்டு அடுப்பு மேலதான் காஞ்சுது. இவனும் தீக்கடையில வாங்குன பிள்ளையா?" என்றார்.

கூட வந்தவர் மாப்பிள்ளையை முகர்ந்தார். பிறகு சந்தேகத்தோடு, சாரலில் அடுப்பு மேல் காய்ந்த தன் துண்டையே முகர்ந்தார். அவர் முகம் மாறியதைக் கண்டு பக்கத்திலிருந்தவர் தன் சட்டையை முகர்ந்தார். பெண்கள் பக்கம் முந்தானைகள் எழுந்தன. ஒரு நிமிஷம் அந்த வீட்டில் எல்லோரும் தங்களைத் தாங்களே முகர்ந்துகொண்டிருந்தார்கள். முதலில் சிரித்தது கதவுக்குப் பின்னாலிருந்த உலகுதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

சம்பந்தி வேட்டியை நீவி மடித்துத் தட்டில் வைத்தார். "மருமவனே, கையை விட்டது உம்ம புத்தி. என் தலைக்கு வந்தது சாமி புத்தி. ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கிடுதேன்" என்றார். தட்டு மாறியது.

அந்த வேட்டி இன்றும் உலகுவின் பெட்டியில் வெட்டிவேரோடு இருக்கிறது. அவ்வப்போது நிழலில் காற்றாட விட்டு எடுத்துவைக்கிறாள். என் நிலைமைதான் மோசம். எந்தக் கோவிலுக்குப் போனாலும் சந்நிதி வந்ததும், "அண்ணன் கும்பிடப் போறான், கையில இருக்கதை வாங்குங்க" என்று குரல் வரும். குடை, அர்ச்சனைத் தட்டு, பேரப்பிள்ளை, எதுவானாலும் பிடுங்கிக்கொள்வார்கள். என் பெயரனுக்கு முடி எடுத்த அன்று அவனை என்னிடம் தரவே இல்லை.

செங்கோட்டைப் பக்கம் இந்தக் கதை வளர்ந்துவிட்டது. வேட்டி கருவறையிலிருந்து தானாகப் புறப்பட்டது என்கிறார்கள். மணி தானாக அடித்தது என்றும் ஒருவர் என்னிடமே சொன்னார். நான் அங்கே இருந்தேன், மணி அடிக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வேட்டி என் கையிலிருந்துதான் போனது. புகை எங்கள் அடுக்களைப் புகை. காற்று மட்டும் விசுவநாதருடையது. சிரிக்கிற மும்முரத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.