கிரில் கதவில் வேப்பிலை

காலை ஏழு மணி பத்து நிமிடம். கண்ணாடியில் முதலில் தெரிந்தது தாடைக்குக் கீழே ஒரு சிவந்த பரு. அதற்குள் ஒரு முடி, வெளியே வர வழி தெரியாமல் சுருண்டு கிடந்தது. இப்படி எத்தனை பரு என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. (பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. எண்ணாமல் எதையும் நம்புவதில்லை.)

பத்து மணிக்கு ஓசூர் பக்கத்து அத்திபெலேயிலிருந்து பெண்வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. கன்னம் மொழுமொழுவென்று இருக்கட்டும் என்று நான்கு நாளாகப் பழைய பிளேடால் கீழிருந்து மேலாக மழித்துத் தள்ளியிருந்தேன். அதன் பலன் இது.

ஊக்கை எடுத்துத் தோண்டினேன். முடி ஒன்றுகூட வரவில்லை. கழுத்துதான் வீங்கியது.

"மூஞ்சிய என்னடா பண்ணி வச்சிருக்க? தள்ளு" என்றார் அம்மா. தெருமுனை மரத்தில் வேப்பிலை பறித்து, மஞ்சளோடு அரைத்து அப்பினார். மீதிக் கொத்தை, சாயங்காலத்துக்கு ஆகும் என்று கிரில் கதவில் செருகினார்.

அவர்கள் ஒன்பது இருபதுக்கே வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது மஞ்சள் முகத்தோடு நான். பெண்ணின் அப்பா வேப்பிலையைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்; ஏறிய படியிலிருந்து இறங்கினார்.

"ஏம்மா, அம்மை போட்டிருக்குன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"அம்மையா? ஐயோ, இல்லீங்க, ஷேவிங்..." அம்மா முடிப்பதற்குள் அவர் காரில் இருந்தார். (அம்மை கண்ட வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவர் முறை தவறாதவர்.)

அவர் மனைவி மட்டும் எட்டத்தில் நின்று மகளுக்கு வீடியோ கால் போட்டார். "இவ்ளோ தூரம் வந்தாச்சு. மூஞ்சியாவது பாத்துக்கோ."

"கிட்ட வாங்க. இன்னும் கிட்ட." பெண் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. தாடைக்குக் கீழே கொஞ்சம் மஞ்சளைத் துடைத்துக் காட்டியதும் உற்றுப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, இது அம்மை இல்ல. முடி உள்ளயே வளந்திருக்கு. வாக்ஸ் பண்ணா எனக்குக் கால்ல இப்படித்தான் வரும். அப்பாவக் கூப்பிடு." பிறகு என்னிடம்: "ஊசி வச்சுக் குத்துனீங்களா?"

"ஊக்கு."

"இனிமே குத்தாதீங்க. அதெல்லாம் கழுவிட்டு, வெதுவெதுப்பான தண்ணில துணிய நனைச்சு ஒத்தடம் குடுங்க. ஆறுற வரைக்கும் ஷேவிங் வேணாம். அப்புறம் புது பிளேடு, முடி போற பக்கமா."

"சரிங்க." ஏழு பத்திலிருந்து அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அப்பாவும் காரிலிருந்து வெளியே வந்தார். இரண்டு முறை கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கல்யாண ஆல்பம் முழுக்க நான் தாடியோடுதான் இருக்கிறேன். மாமனார் இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால், காரை விட்டு இறங்கும் முன் கிரில் கதவை ஒரு முறை பார்த்துக்கொள்வார்.