விசில் சாரும் விட்டுப்போன ரத்தப் பரிசோதனையும்

ஆரணியில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் ஊரையே ஓடவைக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் விசில் சார்தான். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். கேன்டீனில் டீ வேண்டுமென்றால் ஒரு விசில், சர்க்கரை வேண்டாமென்றால் இரண்டு. ஒருமுறை ஆசிரியர் கூட்டம் நீண்டுகொண்டே போனபோது ஆட்டம் முடிந்ததைப்போல நீளமாக ஊதினார். பாதிப் பேர் எழுந்துவிட்டோம்.

அவருக்கு சோரியாசிஸ். முழங்கையும் முழங்காலும் செதில் செதிலாக உரியும். மறைக்கவே மாட்டார், ஒட்டிக்கொள்ளாத நோய் என்று சொல்லி, புதிதாக வரும் ஆசிரியர்களைத் தொட்டுப் பார்க்கவைப்பார். வேலூரில் ஒரு தோல் டாக்டர் கொடுத்த மாத்திரையில் எல்லாம் உதிர்ந்து தோல் தெளிந்தது. அந்த முழங்கையை சேவூர் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் காட்டினார்.

மாத்திரை சாப்பிடுகிறவரை அவ்வப்போது ரத்தத்தில் கொழுப்பைப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சார் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார். கணக்கு டீச்சரான நான் கேட்டதற்கு, தோலைப் பார்க்கிற டாக்டருக்கு ரத்தத்தில் என்ன வேலை என்றார்.

விளையாட்டு விழா ஒத்திகையன்று பையன்கள் ஓட்டப்பந்தயக் கோட்டில் குனிந்து நின்றார்கள். விசில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் சார் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சட்டை முழுக்க வியர்வை.

"இன்னா சார் பண்ணுது?"

"வாயு டீச்சர். காலைல மொச்சை சாப்ட்டேன். ஜல்தியா ஒத்திகைய முடிச்சிடலாம்."

இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மைதானத்தில் விசிலை விட்டுவிட்டு அவர் முழுதாக மூன்று வாக்கியம் பேசியதே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி பார்த்ததும் மாரடைப்பு என்று ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். கண்ணமங்கலத்தில் லாரியும் பஸ்ஸும் எதிரெதிராக மாட்டிக்கொண்டு வழி அடைத்துக் கிடந்தது. சைரன் அலறியும் எதுவும் நகரவில்லை. சார் கண்ணை மூடினார். பயத்தில் நான் வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன்.

"பேசிகினே இருங்க டீச்சர்," என்றார் மெதுவாக. "நிறுத்தாதீங்க."

வேலூர் வரை நிறுத்தவில்லை.

அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். தேறியதும் சார் முதலில் கேட்டது, தோல் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றுதான்.

"நீங்களா எதையும் நிறுத்தாதீங்க," என்றார் இதய டாக்டர். "இந்த மாத்திரை சில பேருக்குக் கொழுப்ப ஏத்தும். அதுக்குத்தான் டெஸ்ட். ஆனா சோரியாசிஸ கவனிக்காம விட்டாலும், உள்ள இருக்கிற அழற்சி ரத்தக் குழாயக் கெடுக்கலாம். தோலையும் இதயத்தையும் சேர்த்துத்தான் பாக்கணும்."

மாரடைப்பில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். இரண்டு டாக்டர்களும் கலந்து பேசித் தோல் மருந்தை மாற்றினார்கள். கொழுப்புக்கும் மாத்திரை சேர்ந்தது.

இப்போதெல்லாம் சார் காலை நடையை முடித்ததும் எனக்குப் போன் செய்து, ஏன் இன்னும் கொழுப்பு டெஸ்ட் எடுக்கவில்லை என்று திட்டுகிறார். பேஜார் பிடித்த மனிதர் என்று நானும் திட்டிவிட்டுத்தான் வைப்பேன்.

போன வாரம் ஒருநாள் அந்தப் போன் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சார்ஜ் தீந்துடுச்சு டீச்சர்," என்றபடி வந்து நின்றார்.

அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.