முக்கால் மட்டும் அழியுங்கள்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, அன்பும் அச்சமும் கலந்த வணக்கம்.

இங்கு நலம். தங்கள் நலத்தையும், குறிப்பாகத் தங்கள் ரத்த அழுத்தத்தின் நலத்தையும் அறிய விரும்புகிறேன். மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவரை நேரில் வந்து பார்ப்பதுதான் முறை. வந்தால் தங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால்தான் கடிதம். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

நாம் இருவரும் ஒரே நாளில், ஒரே ஓவியரிடம், மழையில் நிற்கும் துறைமுகக் கிரேன் படத்தை ஆளுக்கொரு பிரதி வாங்கினோம். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி, அறுபதே பிரதிகள் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். உங்களுக்கு 12/60, எனக்கு 45/60. கீறலின் ஓரத்தில் எழும் பிசிறுதான் அந்த வெல்வெட் கறுப்பைத் தருகிறது, அச்சிட அச்சிட அது நசுங்கிவிடும், ஆகவே பன்னிரண்டின் கறுப்பு நாற்பத்தைந்துக்கு வராது என்று பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறீர்கள். எனக்குக் கண் ஆபரேஷன் ஆன மறுநாள் பார்க்க வந்தபோதும் சொன்னீர்கள். எண்ணை வெளியே காட்டுவது கடைக்காரத்தனம், ரசிகன் கறுப்பைப் பார்த்தே பிரதியைச் சொல்ல வேண்டும் என்ற தங்கள் கொள்கைப்படி, இரண்டுக்கும் ஒரே மாதிரி சட்டம் போட்டு, எண்ணும் கையெழுத்தும் தெரியாமல் அட்டையால் மறைத்தோம்.

அந்தப் பன்னிரண்டைத்தான் என்னை நம்பி விட்டுப்போனீர்கள். ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் உங்களுடையதையும், செருப்பு அலமாரிக்கு மேலே என்னுடையதையும் மாட்டினேன். தினமும் காலையில் இரண்டையும் பார்த்து, உங்கள் கறுப்பின் முன் என் கறுப்பு சலவைக்குப் போய் வந்த மாதிரி இருப்பதை ஒப்புக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், ஜன்னலோரப் படத்தின் கண்ணாடிக்குள் பூச்சி ஊர்கிறது என்று உங்கள் தங்கை சட்டத்தைப் பிரித்திருக்கிறாள். பூச்சியைப் பிடித்தவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். அடியில் பென்சிலில் ஒரு பின்னம் கண்ணில் பட்டதும் அதை அடித்து, சமக்குறி போட்டு, 3/4 என்று அழுத்தமாக எழுதிவிட்டாள். ஏம்மா இப்படிப் பண்ணினே என்று கேட்டால், "முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ நான். சுருக்காத பின்னத்தை வீட்ல வச்சிருந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்கிறாள். அட்டைக்குப் பின்னால் யாரம்மா பார்க்கப் போகிறார்கள் என்றேன். "எனக்குத் தெரியுமில்ல?" என்றாள். அடித்த இடத்தை உற்றுப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் பிரேம் கடைக்காரரிடம் ஓடினேன். அவரிடம் நல்ல ரப்பர் இருக்கிறது. படத்தை அவர் கையிலேயே கொடுத்து, "முக்கால் மட்டும் அழிங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தாளின் அடியில் ஒன்றுமே இல்லை. எண் இல்லை, கையெழுத்து இல்லை, பச்சைக் குழந்தையின் மனசு போலச் சுத்தமாக இருக்கிறது. "முக்கால் என்ன சார், உங்களுக்காக முழுசாவே அழிச்சுட்டேன்" என்றார். அது ஓவியர் கையெழுத்துய்யா என்று அலறினேன். "கையெழுத்துன்னா பேனாவுல போட மாட்டாங்களா?" என்று அவர் என்னைக் கேட்டார். இன்னொரு முறை போட்டுத் தர ஓவியரும் உயிரோடு இல்லை.

மச்சான், எனக்குப் படம் போனதைவிட ஒரு பயம்தான் பெரிது. நாற்பத்தைந்து வைத்திருந்தவன் பொறாமையில் பன்னிரண்டை அழித்துவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை நான் மனசுக்குள்ளேயேதான் வச்சிருந்தேன், ரப்பர் வரைக்கும் போகல. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து வெற்றுத் தாளைப் பார்க்கிற காட்சியை எண்ணி நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆகவே செருப்பு அலமாரிக்கு மேலிருந்த என் நாற்பத்தைந்தை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். இனி எந்தச் சட்டத்தையும் திறக்க எனக்குக் கை வராது, அப்படியே அனுப்புகிறேன். கறுப்பு மட்டம்தான், ஆனால் கையெழுத்து இருக்கிறது. பெரிய மனசு பண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். அழிந்ததை என் தண்டனையாக நானே வைத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறுகிய ஞாபகத்தோடும் வாழ வேண்டும் என்று வேண்டும்,
தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: அண்ணா, நான்தான் எழுதறேன். உறையை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்தார், படிச்சுட்டேன். 12/60-ஐச் சுருக்கினா 1/5 வரும். 45/60-ஐச் சுருக்கினாத்தான் முக்கால். உன் படம் வெயில்ல மங்கிடக் கூடாதேன்னு நீ போன மறுநாளே ரெண்டையும் நான் இடம் மாத்தி மாட்டிட்டேன். ஆறு மாசமா இவர் கறுப்புன்னா இதுதான் கறுப்புன்னு உருகினது அவரோட படத்தைப் பார்த்துத்தான். அழிஞ்சதும் அதுதான். பார்சல்ல வர்றது உன்னோடது. தியாகம் பண்ணிட்ட திருப்தியில இன்னிக்குத்தான் ரெண்டு வாய் சாப்பிட்டார், அதைக் கெடுக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரும்போது, "என்ன இருந்தாலும் கறுப்பு கொஞ்சம் மட்டம்தான்"னு அவர் எதிர்ல ஒரு வார்த்தை சொல்லிடு. உன்னால முடியாதுன்னு தெரியும். அண்ணி முன்னாடி நாலு தடவை சொல்லிப் பழகிட்டு வா.